நூற்றுக்கு ஐந்து

இருபது மாம்பழங்கள் உள்ள கூடையிலிருந்து ஒன்றே ஒன்று நமக்குத் தரப்பட்டால், "இவ்வளவுதானா?" என்று முகம் சுளிப்போம். ஆனால் இருபதில் ஒரு பங்கை மட்டும் பெற்று, உலகப் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக உயர்ந்தார் ஒருவர். அவர்தாம் கலூஸ்த் குல்பெங்கியன். அவர் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது எது என்று பார்ப்போம்.

இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியான ஸ்குடாரியில், 1869ஆம் ஆண்டு, ஆர்மீனியக் கிறிஸ்தவ வணிகக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் மண்ணெண்ணெய் வணிகமும் செய்தவர். மகனோ லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பொறியியல் கற்று, 1887இல் படிப்பை முடித்தார். மறு ஆண்டே காஸ்பியன் கடலோரப் பாக்கு நகருக்குச் சென்று எண்ணெய்க் கிணறுகளை நேரில் கண்டார். அப்பயணத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1896இல் துருக்கியப் பேரரசில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டபோது, பிறந்த நகரை விட்டுக் குடும்பத்துடன் வெளியேற நேர்ந்தது. 1902இல் அவர் பிரிட்டிஷ் குடிமகனானார்.

அந்நாளில் ஈராக் மண்ணின் அடியில் எண்ணெய் இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். அதை எடுக்க 1912இல் துருக்கியப் பெட்ரோலியக் கம்பெனி உருவாயிற்று. சண்டையிட்டுக் கொண்டிருந்த கம்பெனிகளை ஒன்றாக உட்கார வைத்துப் பேசியவர் குல்பெங்கியன். முதல் உலகப் போர் வந்தது, பேரரசு சிதறியது, பங்காளிகள் மாறினர். ஆயினும் அவர் தம் பங்கை விட்டுக் கொடுக்கவில்லை. 1927இல் கிர்க்குக் அருகே எண்ணெய் பீறிட்டெழுந்தது. 1928ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நான்கு பெருங் குழுக்களுக்கு ஆளுக்கு 23.75 விழுக்காடும், குல்பெங்கியனுக்கு 5 விழுக்காடும் கிடைத்தன. "ஐந்து விழுக்காட்டார்" என்றே உலகம் அவரை அழைக்கலாயிற்று. பெரிய கிணற்றில் சிறிய பங்கு போதும் என்பதே அவர் கொள்கை.

வந்த பணத்தில் அவர் கலைப்பொருள்களை வாங்கினார். எகிப்தியச் சிற்பங்கள், கிரேக்க நாணயங்கள், பாரசீகக் கம்பளங்கள், லாலிக் செய்த அணிகலன்கள் எனச் சுமார் 6,000 பொருள்கள் சேர்ந்தன. அந்நியச் செலாவணி தேவைப்பட்ட சோவியத் அரசு அருங்காட்சியகச் செல்வங்களை விற்றபோது, ரெம்பிராண்ட், ரூபன்ஸ் ஆகியோரின் ஓவியங்களையும், ஹூதோன் செதுக்கிய டயானா சிலையையும் வாங்கினார். இவற்றைத் "என் பிள்ளைகள்" என்பாராம். ஆனால் அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் பாரிஸ் மாளிகைக்குள்ளேயே இருந்தனர். கண்டவர் மிகச் சிலரே.

அவர் குறையற்ற மனிதர் அல்லர். பேரம் பேசுவதில் கடுமையானவர். எவரையும் எளிதில் நம்பாதவர். சொந்த மகனே அவர்மீது வழக்குத் தொடுத்தார். பிள்ளைகள் என்று சிலைகளைக் கொஞ்சியவருக்குப் பெற்ற பிள்ளையோடு இணக்கமில்லாது போயிற்று. இதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அதே மனிதர் பெற்றோரின் நினைவாக லண்டனில் ஒரு கோவில் கட்டினார். எருசலேமின் ஆர்மீனியருக்கு நூலகம் அமைத்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகருக்குச் சென்று ஒரு விடுதியில் தங்கினார். அங்கேயே 1955இல், தம் 86ஆம் வயதில் காலமானார். செல்வத்தின் பெரும்பகுதியைக் கலை, கல்வி, அறிவியல், அறப்பணி ஆகியவற்றுக்கென்று உயில் எழுதியிருந்தார். 1956இல் அறக்கட்டளை தோன்றியது. 1969இல் லிஸ்பனில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பூட்டிய மாளிகையில் இருந்தவை எல்லாரும் காணும் பொருள்களாயின.

நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. எழுத்தறிவு குறைந்திருந்த போர்த்துக்கல் கிராமங்களுக்கு 1958 முதல் இவ்வறக்கட்டளையின் நூலக வண்டிகள் சென்றன. வீட்டில் ஒரு நூலும் இல்லாத சிறுமிகள் வண்டியருகே நின்று தமக்குப் பிடித்த புத்தகத்தை இலவசமாக எடுத்துச் சென்றனர்.

நம்மிடம் எண்ணெய்க் கிணறு இல்லை. ஆனால் படித்து முடித்த புத்தகம் உண்டு. தோழிக்குக் கணக்குச் சொல்லித்தர ஒரு மணி நேரம் உண்டு. குல்பெங்கியன் பெரும்பாலானவற்றை இறந்த பின்னரே கொடுத்தார். நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா?