செடியின் நோயைச் சொல்லத் தெரியுமா? உதவிக்கு வருகிறது உங்கள் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். டைப் செய்து பார்த்தாயிற்று, பாட்டுக் கேட்டாயிற்று, கேம்ஸ் விளையாடியாயிற்று. அடுத்து இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம் என்று யோசிக்கிறீர்களா? மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ நாலு தொட்டிச் செடி இருந்தால் போதும். இந்த மாதம் உங்களுக்கு ஒரு நல்ல வேலை தயாராக இருக்கிறது. இதற்குத் தனியாக சாப்ட்வேர் எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

செடி வளர்க்கும் எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என் செடி வாடுது, என்ன போடலாம்?" என்பதுதான் அது. இந்தக் கேள்விக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. நான் சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கும் தினமும் இதே மாதிரி ஒரு புகார் வரும்: "புரோகிராம் வேலை செய்யவில்லை." இதை மட்டும் வைத்துக்கொண்டு பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. எப்போதிலிருந்து, எந்த ஸ்கிரீனில், அதற்கு முன் எதை மாற்றினீர்கள், திரையில் என்ன தெரிகிறது என்று நாலு கேள்வி கேட்போம். பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. செடிக்கும் இதே கதைதான்.

மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா?

மதுரையில் இருக்கும் என் சித்தி மாடியில் இருபது தொட்டி வைத்திருக்கிறார். அவருடைய மிளகாய்ச் செடிகளைப் பற்றி ஒரு நாள் போனில் சொன்னார்.

"இலையெல்லாம் சுருண்டு போச்சுப்பா. கடையில கேட்டேன், ஒரு பாட்டில் கொடுத்திருக்கான்."

"மேல்பக்கமா சுருண்டிருக்கா சித்தி, கீழ்ப்பக்கமா?"

"சுருண்டா சுருண்டதுதானே? அதுல என்னப்பா மேல, கீழ?"

அதில்தான் விஷயமே இருக்கிறது. மிளகாயில் இலை சுருளுவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு.

1. இலை ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால், சந்தேகம் இலைப்பேன் மீது. ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொண்டு கொழுந்தைத் தட்டுங்கள். கீற்றுப் போன்ற பொடிப் பூச்சிகள் தாளில் ஊர்ந்தால் உறுதி.

2. இலை கீழ்நோக்கிக் கவிழ்த்த படகு போலச் சுருண்டு, காம்பு வழக்கத்தைவிட நீண்டிருந்தால் அது சிலந்திப்பேன். இதைக் காண நல்ல லென்ஸ் வேண்டும். வெறும் கண்ணுக்குப் பிடிபடாது.

3. இலைகள் சிறுத்து, நெளிந்து, செடியே குட்டையாகிவிட்டால் வைரஸ் நோயாக இருக்கலாம். இதை வெள்ளை ஈ பரப்புகிறது. வைரஸுக்கு மருந்து கிடையாது. மற்ற செடிகளுக்குப் பரவும் முன் பிடுங்கிப் போடுவதுதான் வழி.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல. எட்டுக் கால் கொண்ட சிலந்தி வகையைச் சேர்ந்தது. எனவே பூச்சிகளுக்கான பல மருந்துகள் அதனிடம் பலிப்பதில்லை. "இலை சுருண்டு போச்சு" என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் கைக்கு வந்ததைத்தான் எடுத்துத் தருவார்.

சித்திக்குக் கொடுத்த பாட்டிலில் என்ன நிற முக்கோணம் இருக்கிறது என்று கேட்டேன். சிவப்பு என்றார். நம் நாட்டில் விற்கும் பூச்சி மருந்துகளின் லேபிளில் விஷத்தின் அளவைக் காட்டும் நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. அந்த மிளகாயைத்தான் சித்தி வீட்டுச் சமையலுக்குப் பறிக்கிறார். இரண்டு வயதுப் பேரன் அதே மாடியில் தொட்டிகளுக்கு நடுவே விளையாடுகிறான். மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த மத்திய அரசு 2005ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. பாட்டிலைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு, அன்றே வேலையைத் தொடங்கினோம்.

முதல் வேலை: நான்கு படங்கள்

சித்தி முதலில் அனுப்பிய படத்தில் மாடி முழுவதும் தெரிந்தது, மிளகாய் இலை தெரியவில்லை. ஒரு செடிக்கு நான்கு படம் எடுங்கள்.

1. முழுச் செடி, தொட்டியோடு சேர்த்து.
2. பாதித்த இலையின் மேல்பக்கம்.
3. அதே இலையின் அடிப்பக்கம். பெரும்பாலான பூச்சிகள் இங்கேதான் ஒளிந்திருக்கும்.
4. மண்ணும் தண்டின் அடிப்பகுதியும்.

காலை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுங்கள். இலைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்தால் நிறம் சரியாகத் தெரியும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் புள்ளியின் அளவு புரியும். செல்போன் திரையில் இலையின் மீது விரலால் ஒரு முறை தொட்ட பிறகு படம் எடுங்கள். அப்போதுதான் போகஸ் இலையில் விழும்.

இரண்டாம் வேலை: படங்கள் கம்ப்யூட்டருக்கு

ஆண்ட்ராய்ட் போனை யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் இணையுங்கள். போனில் வரும் அறிவிப்பைத் தொட்டு "பைல் டிரான்ஸ்பர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் போன் சார்ஜ் ஆகுமே தவிர, படங்கள் தெரியாது. பிறகு கீபோர்டில் விண்டோஸ் கீயையும் இ கீயையும் சேர்த்து அழுத்தினால் பைல் எக்ஸ்புளோரர் திறக்கும். அதில் உங்கள் போனின் பெயர் இருக்கும். அதற்குள் டிசிஐஎம், அதற்குள் கேமரா என்ற போல்டரில் படங்கள் இருக்கும். வேண்டியவற்றை காப்பி செய்து "தோட்டம்" என்ற புதிய போல்டரில் பேஸ்ட் செய்யுங்கள்.

பைலுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சிறு தந்திரம். 2025-07-12-மிளகாய்-3 என்பது போல ஆண்டு, மாதம், நாள், செடி, தொட்டி எண் என்ற வரிசையில் வையுங்கள். ஆண்டு முன்னால் வருவதால், பெயர் வரிசையில் அடுக்கினாலே தேதி வரிசையிலும் வந்துவிடும். பெயரைத் தமிழிலும் தாராளமாக வைக்கலாம். தேதிக்கு நடுவில் சாய்கோடு மட்டும் போடாதீர்கள். விண்டோஸ் ஏற்றுக் கொள்ளாது.

மூன்றாம் வேலை: தோட்டத்து டைரி

எக்ஸெல் இருந்தால் திறந்து கொள்ளுங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். அதில் உள்ள கால்க் இதே வேலையைச் செய்யும். முதல் வரிசையில் ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, தொட்டி எண், செடி, கண்டது, செய்தது. தேதிக்கான செல்லில் கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு அரைப்புள்ளி கீயைத் தட்டினால் அன்றைய தேதி தானாக வந்து உட்காரும்.

உரம் வைத்தது, மண் மாற்றியது, மருந்து தெளித்தது, மூன்று நாள் ஊருக்குப் போனதால் தண்ணீர் விடாதது என்று எல்லாவற்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு டேட்டா மெனுவில் உள்ள பில்டர் வசதியைக் கிளிக் செய்தால் (கால்க்கில் ஆட்டோபில்டர்) 3ஆம் எண் தொட்டியின் கதையை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கலாம்.

இதனால் என்ன லாபம்? சித்தியின் செடியில் இலை கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது, காம்பு நீண்டிருந்தது. சிலந்திப்பேன் என்று தோன்றியது. அதற்கு நனையும் கந்தகம் நல்ல மருந்து. ஆனால் சித்தி சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்திருந்ததை எல்லாம் எக்ஸெலில் ஏற்றியபோது, ஐந்து நாளுக்கு முன்தான் வேப்பெண்ணெய் தெளித்திருந்தது தெரிந்தது. எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகும் முன் கந்தகம் தெளித்தால் இலை கருகிவிடும். கடும் வெயிலிலும் தெளிக்கக் கூடாது. அந்த ஒரு வரி கண்ணில் படாமல் போயிருந்தால் நோயைவிட வைத்தியமே செடியை முடித்திருக்கும்.

நான்காம் வேலை: கேள்வியை எழுதுவது

படமும் டைரியும் கையில் இருந்தால் கேள்வி தானாகவே வந்துவிடும். நோட்பேடைத் திறந்து இப்படி எழுதுங்கள்:

"மிளகாய், நட்டு 70 நாள். 12 அங்குலத் தொட்டி, மாடியில் முழு வெயில். ஒன்பது நாளாகக் கொழுந்து இலைகள் கீழ்நோக்கிச் சுருளுகின்றன, காம்பு நீள்கிறது. பழைய இலைகள் நன்றாக உள்ளன. ஆறு செடிகளில் இரண்டில் மட்டும். ஐந்து நாள் முன் வேப்பெண்ணெய் தெளித்தேன். அடுத்து என்ன செய்யலாம்?"

"கொழுந்து இலை, பழைய இலை" என்று பிரித்துச் சொல்வது மிகவும் முக்கியம். தழைச்சத்தும் மக்னீசியமும் குறையும்போது, செடி பழைய இலையிலிருந்து அவற்றை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். ஆகவே முதலில் பழைய இலை மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி நகராது. அது குறைந்தால் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். "இலை மஞ்சளாகுது" என்ற ஒரே புகாருக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு குறைகள்!

யாரிடம் கேட்பது?

அண்டை வீட்டாரும் உறவினரும் முதல் டாக்டர்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டிக் கொண்டிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு என்று எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கையால் எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

அதற்கு மேல் போனால், உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் படங்களுடன் செல்லுங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. விவசாயிகளுக்காக 2004இல் தொடங்கிய கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் பயிர் வாரியாகப் பூச்சி, நோய்ப் படங்கள் தமிழில் உள்ளன. உங்கள் படத்தையும் அங்குள்ள படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் செயலிகள் செடியின் பெயரைச் சொல்வதில் கெட்டி. நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே மருந்துக்குப் போங்கள்.

படத்தை அனுப்பும் முன்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, நுண்ணிய புள்ளிகள் மங்கிவிடும். டாகுமெண்ட் ஆக அனுப்பினால் முழுத் தெளிவோடு போகும். ஆனால் ஓர் எச்சரிக்கை. அப்படி அனுப்பும் பைலுக்குள் படம் எடுத்த இடத்தின் விவரமும், அதாவது உங்கள் வீடு இருக்கும் இடமும், ஒளிந்திருக்கக் கூடும். தெரியாதவர்களுக்கு அனுப்பும் முன் பைலில் வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ், பிறகு டீடெய்ல்ஸ் டேபுக்குச் செல்லுங்கள். அடியில் உள்ள "ரிமூவ் ப்ராபர்ட்டீஸ் அண்ட் பர்சனல் இன்பர்மேஷன்" என்பதைக் கிளிக் செய்து இட விவரத்தை நீக்கிவிடலாம்.

பெயர் தெரிந்தால் பாதி வெற்றி

"பூச்சி என்றால் மருந்து அடிக்க வேண்டியதுதானே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மைக் கதை. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி இது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. உடம்பைச் சுற்றி மெழுகுப் பூச்சு இருப்பதால் தெளித்த மருந்து சரியாக ஒட்டவில்லை. ஆனால் பூச்சியின் சரியான பெயர் தெரிந்திருந்தது. அதனால் அதன் எதிரி யார் என்பதும் தெரிந்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டன. மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. அந்த நேரத்தில் மருந்து அடித்துக் கொண்டே இருந்தவர் தோட்டத்தில் முதலில் செத்திருப்பது அந்தக் குளவிதான்.

சித்தியின் செடிகள் என்னவாயின? வேளாண் அறிவியல் நிலையத்தில் படங்களைப் பார்த்துச் சிலந்திப்பேன்தான் என்று உறுதி செய்தார்கள். சுருண்ட நுனிகளைக் கிள்ளி, இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை நேரத்தில் பாக்கெட்டில் கண்ட அளவுப்படி கந்தகம் தெளித்தார். ஒரு செடி போய்விட்டது. இன்னொன்று புதுக் கொழுந்து விட்டுக் காய்க்கிறது. எங்கள் வீட்டு டைரியில் இப்போது 140 வரிகள் இருக்கின்றன.

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போல்டரைத் திறந்து, நன்றாக இருக்கும் செடிகளையும் ஒரு முறை படம் எடுத்து வையுங்கள். நாளை ஓர் இலை நிறம் மாறினால், நேற்று எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம்.