லேசாகத்தான் தட்டியது, சொல்லியாக வேண்டுமா?

முகூர்த்த நாளில் உத்திரமேரூர் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. கார், மினி வேன், டிராக்டர் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பந்தி முடிந்து வண்டியை ரிவர்ஸ் எடுக்கையில் பின்னால் நிற்கும் காரின் பம்பரில் ஒரு தட்டு. இறங்கிப் பார்த்தால் கையகலக் கீறல். வண்டிக்காரர் பந்தியில் இருக்கிறார். பார்த்தவர் யாருமில்லை. இதற்கெல்லாமா ஸ்டேஷனுக்குப் போவார்கள் என்று கிளம்பிவிடத் தோன்றும்.

தெரியாமல் லேசாகத் தட்டியதற்காக யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. சொல்லாமல் போனால்தான் வம்பு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, விபத்தில் ஆளுக்கு அடிபட்டாலோ அடுத்தவர் சொத்துக்குச் சேதம் வந்தாலோ, ஓட்டியவர் அங்கிருக்கும் போலீசாரிடம் விவரம் தர வேண்டும், போலீசார் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சின்ன சேதத்துக்கு விலக்கு என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. மீறினால் 187-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் இந்த அபராதம் 500 ரூபாய்தான்.

நடைமுறையில் இரண்டு பேரும் அங்கேயே பேசி முடித்துக்கொண்டால் யாரும் வழக்கு வரை போவதில்லை. ஆனால் யாருக்காவது அடிபட்டிருந்தாலோ, வண்டி உரிமையாளர் இல்லாவிட்டாலோ, பேச்சு முற்றினாலோ ஸ்டேஷனுக்குப் போவதைத் தள்ளிப்போடவே கூடாது. உரிமையாளர் இல்லையென்றால் பெயர், செல் நம்பர், வண்டி நம்பர் எழுதிய சீட்டை வைப்பரில் சொருகி, வாட்ச்மேனிடமும் சொல்லிவிட்டு, இரண்டு வண்டியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் ஒரு பக்க மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். நாளைக்கு யாராவது "நிறுத்தாமல் ஓடிட்டான்" என்று புகார் கொடுத்தால் அந்த ரசீதுதான் உங்களைக் காப்பாற்றும்.

கையில் காசு கொடுத்து முடிப்பதானால் தேதி, இடம், இரண்டு வண்டி நம்பர், தொகை, இனி இதுபற்றி எதுவும் கோருவதில்லை என்ற வரி, இருவர் கையெழுத்து எல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் இருக்க வேண்டும். பணத்தை ஜிபேயில் அனுப்பினால் அதுவே இன்னொரு சாட்சி. ஒன்றை மறக்க வேண்டாம். கம்பெனியைக் கேட்காமல் தப்பை ஒப்புக்கொண்டு பணம் கொடுக்கக் கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை உண்டு. அப்படிக் கொடுத்த பணத்தைப் பிறகு கம்பெனியிடம் கேட்க முடியாது.

தெரிவிப்பது வேறு, கிளெய்ம் போடுவது வேறு. இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் வாயே திறப்பதில்லை. கிளெய்ம் போடலாமா என்பது வெறும் கணக்கு. உங்கள் காரின் சொந்தச் சேத பிரீமியம் 8,000 ரூபாய், கிளெய்ம் இல்லாததால் 50 சதவீத போனஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிங்கரிங், பெயின்டிங் செலவு 4,500. இதில் கட்டாயப் பிடித்தம் 1,000 போக அதிகபட்சம் 3,500 கைக்கு வரும். ஆனால் போனஸ் பூஜ்யமாகி, 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொட ஐந்து வருடம் ஆகும். பிரீமியம் அதே அளவில் இருந்தால் அதற்குள் 10,000 ரூபாய் சலுகை போய்விடும். போனஸைக் காக்கும் கூடுதல் பாலிசி இல்லாதவர்கள் இப்படிப்பட்ட சின்ன வேலையைச் சொந்தக் காசில் முடித்துவிடுவது நல்லது.

இடித்தவர் அப்பாவியாக இருந்து, கூட்டம் சேர்ந்து சாவியைப் பிடுங்கி "இருபதாயிரம் வை" என்று மிரட்டுவதும் நடக்கும். தப்பு யார்மேல் இருந்தாலும் சாவியைப் பிடுங்க எவருக்கும் உரிமை இல்லை. பயமுறுத்திப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் வரும் குற்றம். 112-க்குப் போன் போடுங்கள், ஏ.டி.எம்.முக்குக் கூட்டிக்கொண்டு போகவிடாதீர்கள்.

இடிபட்டவர் நீங்கள், இடித்தவர் போய்விட்டார் என்றால் அன்றைக்கே மண்டபத்து சிசிடிவி பதிவைக் கேளுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே போகும். நம்பர் கிடைத்தால் எம்-பரிவாகன் செயலியில் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்று தெரிந்துகொள்ளலாம். நம்பர் கிடைக்காவிட்டால் உங்கள் பாலிசிதான் கதி. அடையாளம் தெரியாத வண்டி மோதினால் அரசு தரும் இழப்பீடு உயிரிழப்புக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டுமே, வண்டிச் சேதத்துக்குக் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். உங்கள் கம்பெனியே கிளெய்மை இழுத்தடித்தால் முதலில் அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் எதுவும் இல்லை.