வீட்டறிவு வகுப்புக்கு வரும்போது

மெக்சிகோ எல்லைக்கு அருகில் இருக்கிறது அமெரிக்காவின் டூசான் நகரம். அங்கே லூயிஸ் மோல் என்ற கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பள்ளி ஆசிரியர்களை மாணவர்களின் வீடுகளுக்குப் போய்வரச் செய்தார்கள். பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்வதற்காக அல்ல, அந்தக் குடும்பத்துக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டறிவதற்காக. மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த அந்த உழைக்கும் குடும்பங்களில் விவசாயம், கட்டட வேலை, வண்டி பழுதுபார்ப்பு, நாட்டு வைத்தியம் என்று எத்தனையோ துறைகளில் அறிவு இருந்தது. தன் மாணவன் ஒருவன் மெக்சிகோ மிட்டாய்களை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் விற்பதைக் கவனித்த ஓர் ஆசிரியை, மிட்டாயையே பாடமாக எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் உறையில் அச்சிட்டிருந்த சேர்மானங்களைப் படித்து, இரு நாட்டு மிட்டாய்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு மாணவரின் தாய் வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினார். 1992-இல் இந்த அனுபவம் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

பண்பாட்டைச் சார்ந்த கற்பித்தல் என்றதும் பலருக்கு ஆண்டுக்கொரு நாள் உடையும் உணவும் காட்டும் விழாதான் நினைவுக்கு வருகிறது. டூசான் வகுப்பில் நடந்தது வேறு. பிள்ளை ஏற்கெனவே அறிந்ததைப் பிடித்துக்கொண்டுதான் அறியாததை எட்ட முடியும். அந்தப் பிடி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரேசிலின் ரெசிஃபே நகரில் செய்த ஆய்வு காட்டியது. தெருவில் பழமும் காயும் விற்ற ஐந்து பிள்ளைகள் வியாபாரத்தின்போது 98 சதவீதக் கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது அது 37 சதவீதமாகச் சரிந்தது. ஐந்து பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். ஆனாலும் தேர்வுத்தாளை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடும் துணிச்சல் இதற்குப் பிறகு நமக்கு வரக்கூடாது.

இப்படிப் போனால் பாடத்தின் தரம் குறையாதா என்று கேட்கிறார்கள். 1995-இல் பண்பாட்டைச் சார்ந்த கற்பித்தலுக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்த கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், மாணவரின் கல்வித் தேர்ச்சியையே முதல் நிபந்தனையாக வைத்தார். சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் மதிப்பெண் குறைந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இனவரலாற்றுப் பாடம் ஒன்று வைத்தார்கள். மதிப்பெண் வரம்புக்குச் சற்றுக் கீழே இருந்தவர்களையும் சற்று மேலே இருந்தவர்களையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் தாமஸ் டீயும் எமிலி பென்னரும் 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். பாடத்தில் சேர்க்கப்பட்டவர்களின் வருகை 21 சதவீதப் புள்ளிகள் உயர்ந்திருந்தது, மதிப்பெண் சராசரியும் ஏறியிருந்தது. தேர்ந்த ஆசிரியர்கள் நடத்திய சிறிய முயற்சி இது என்பதால், எல்லா இடத்திலும் இதே பலன் கிடைக்கும் என்று அவர்கள் உறுதி சொல்லவில்லை. அந்த எச்சரிக்கை நியாயமானது.

பிரிவினையை வளர்க்கும் என்பது இன்னொரு எதிர்ப்பு. அதே டூசானில் நடந்த மெக்சிகோ-அமெரிக்க ஆய்வுப் பாடத்திட்டம், 2010-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தால் 2012-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்தது இனப்பகைமை என்று கூட்டாட்சி நீதிபதி 2017-இல் தீர்ப்பளித்தார். எனக்குக் கனமாகத் தெரிவது வேறொரு கேள்வி: பல இனப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியர் எத்தனை பண்பாடுகளைத்தான் அறிந்திருக்க முடியும்? எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்திருக்கத் தேவையில்லை. லாட்சன்-பில்லிங்ஸ் ஆராய்ந்த எட்டு ஆசிரியர்களில் மூவர் வெள்ளையர்கள். அவர்களும் கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சிறப்பாகக் கற்பித்தார்கள். ஆசிரியர் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், கேட்பதற்கு அவருக்கு நேரமும் வேண்டும். வீடு வீடாகப் போய்வரும் பொழுதை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்காத பள்ளி நிர்வாகம், ஆசிரியரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.