பாரம் தாங்காத சுவர்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நண்பர் ஒருவரின் பேஸ்மென்ற். யன்னலைச் சுற்றியிருந்த பழைய ட்றைவோலை, தச்சுவேலை செய்யும் அண்ணை பிய்த்தெடுத்தார். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். யன்னலுக்குக் கீழே படுத்திருந்த குறுக்குமரத்தை விரலால் அழுத்தினார். தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது.

"மழைத்தண்ணி இறங்கியிருக்கு" என்றார் நண்பர்.

"இல்லைத் தம்பி. இது வெளியிலயிருந்து வந்த தண்ணி இல்லை. நீங்கள் விட்ட மூச்சு."

அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அது விளங்க, பேஸ்மென்ற் ஏன் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ரொறன்ரோவில் குளிர்காலம் வந்தால் நிலம் மேலிருந்து கீழாக உறையும். உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். அதோடு கீழ்மண்ணின் ஈரத்தையும் மேலே இழுத்து, பனிக்கட்டிப் படலங்களாக அடுக்கி, மேலே இருப்பதைத் தூக்கிவிடும். அதனால் வீட்டு அத்திவாரத்தை உறைவு எட்டாத 1.2 மீற்றர் ஆழத்துக்காவது கொண்டுபோக வேண்டும். அவ்வளவு தோண்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு மாடியே கிடைத்துவிடுகிறது. 1980களில் இங்கே வந்த நம்மவர் பலருக்கு இந்த ஊரில் முதல் வீடு அந்த மாடிதான்.

வெளிப்பக்கத்தில் வீட்டின் பாரத்தைக் கொங்கிறீற் சுவர் தாங்குகிறது. அதற்கு உட்பக்கமாக எழுப்பும் மரச்சட்டம் எதையும் தாங்குவதில்லை. 'ரூ பை ஃபோர்' என்று சொல்லும் மரங்கள் (உண்மையில் 38க்கு 89 மில்லிமீற்றர்) 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். பாரம் தாங்கும் சுவரென்றால் யன்னலுக்கு மேலே தடித்த உத்தரம் வேண்டும். இங்கே ஒற்றை மரத்தைப் படுக்கையாக வைத்தாலே போதும்.

ஆனால் இந்தச் சுவருக்கு வேறொரு வேலை இருக்கிறது. வீட்டின் சூடான, ஈரமான காற்றைக் குளிர்ந்த கொங்கிறீற்றோடு தொடவிடாமல் வைத்திருக்க வேண்டும். சமையல், குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, மூச்சு எல்லாம் காற்றில் நீராவியைச் சேர்க்கின்றன. 21 பாகை செல்சியஸில் 40 சதவீத ஈரப்பதனுள்ள காற்று, ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் துளியாகிவிடும்.

அந்தக் குளிர் சுவரின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆழத்தில் மண்ணே ஒரு போர்வை. அங்கே கொங்கிறீற் அவ்வளவாகக் குளிர்வதில்லை. சுவரின் மேல்விளிம்புதான் நிலத்துக்கு வெளியே தலையை நீட்டி, தை மாதக் குளிர்காற்றை நேரடியாக வாங்குகிறது. யன்னல் இருப்பதும் அங்கேதான். எட்டு அங்குலக் கொங்கிறீற், இரண்டு அங்குல ஃபோம் பலகை தடுக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் தடுக்கும்.

நண்பரின் சட்டத்தை முன்பு அடித்தவர் மரங்களுக்கிடையே கண்ணாடிநார்ப் பஞ்சை அடைத்திருந்தார். பஞ்சு அறையின் வெப்பத்தைப் பின்னால் போகவிடாமல் மறித்தது. அதனால் பின்னாலிருந்த கொங்கிறீற் முன்னைவிடக் குளிர்ந்தது. காற்றையோ பஞ்சு மறிக்கவில்லை. யன்னலோரத்து இடுக்குகளால் நுழைந்த ஈரக்காற்று, அந்தக் குளிர்ந்த முகத்தில் பட்டு நீராகி, வழிந்து, குறுக்குமரத்தில் தேங்கியது. பஞ்சே வைக்காமல் விட்டிருந்தால் இவ்வளவு ஈரம் பிடித்திருக்காது.

அண்ணை வேறு மாதிரிச் செய்தார். முதலில் ஃபோம் பலகையைக் கொங்கிறீற்றிலேயே ஒட்டினார். யன்னல் பொந்தின் உட்பக்கங்களிலும் மெல்லிய ஃபோமை மடித்துக் கொண்டுபோய் யன்னல் சட்டத்தைத் தொடவைத்தார். மூட்டுகளையெல்லாம் டேப் போட்டு மூடினார். பலர் தவறவிடுவது அந்த மடிப்பைத்தான். ஒரு கை அகலக் கொங்கிறீற் வெறுமையாக இருந்தாலும் ஈரக்காற்று அதைத் தேடிப் பிடிக்கும். பிறகுதான் மரச்சட்டம். அதன் அடிமரம் மருந்தேற்றிய மரம், ஏனென்றால் கொங்கிறீற்றின் நுண்துளைகள் விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல மண்ணின் ஈரத்தை மேலே ஏற்றும்.

பிறகு அவர் அளவுநாடாவை எடுத்து அளந்தது யன்னலின் திறப்பை. படுக்கையறை இருந்தும் வெளியே போகக் கதவில்லாத மாடியில் ஒரு யன்னலுக்காவது ஒன்ராறியோ கேட்பது குறைந்தது 0.35 சதுர மீற்றர் வெற்றுத் திறப்பு. எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஒரு பக்கம் 380 என்றால் மற்றது 922 ஆவது இருக்க வேண்டும். படிக்கட்டில் தீ நின்றால் உள்ளே படுத்திருப்பவருக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி அது. சட்டமோ ட்றைவோலோ அந்த வழியில் ஒரு விரலளவைக்கூடத் தின்னக்கூடாது.

கடைசியாக வெளிச்சம். முகில் முழுக்க மூடிய நாளில் வானத்தின் உச்சி, அடிவானத்தைப்போல மூன்று மடங்கு ஒளிரும். நிலமட்டத்துக் குழியிலிருந்து பார்க்கும் பேஸ்மென்ற் யன்னலுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த உச்சி வானம்தான். ஒளி செங்குத்தான சரிவில் இறங்கி வருகிறது. யன்னலின் கீழ்விளிம்பில் ஃபோம், மரம், ட்றைவோல் மூன்றும் சேர்ந்து ஒரு தட்டாக ஆறு அங்குலம் உள்ளே நீண்டு மட்டமாக நின்றால், இறங்கும் ஒளியை அந்தத் தட்டே வாங்கிக்கொள்ளும். கொங்கிறீற் முடிகிற இடத்திலிருந்து தட்டை 45 பாகையில் கீழே சரித்துவிட்டால் ஒளி தடையின்றி அறைக்குள் இறங்கும். பாரம் தாங்காத சுவர் என்பதால் மரங்களைத் தயங்காமல் குட்டையாக வெட்டலாம். அண்ணை வெட்டினார்.

பின்னேரம் மூன்று மணியிருக்கும். சுவரோரம் இரண்டடி தூரத்தில், அதுவரை இருண்டு கிடந்த நிலத்தில் வெளிச்சம் கிடந்தது. நண்பரின் அம்மா தன் கதிரையை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டு மேப்பிளின் உச்சிக்கொப்பு அவருக்குத் தெரிந்தது.