பழையன விலக்கும் பார்வை

புதியதொரு பொருள் கண்முன் தோன்றுமிடத்து, அதன் புதுமையே பார்வையை ஈர்க்கின்றது என்பது பொதுவான எண்ணம். ஆயின், புதியதை நாடுதற்குப் பழையதை விலக்கிவைத்தலாகிய ஒரு தொழிலையும் உள்ளம் ஆற்றுகின்றது என்பது உளநூலார் சிலரின் கொள்கை. அதனைச் சிறிது ஆராய்வாம்.

1997ஆம் ஆண்டில் டெறிக் வாட்சன், கிளின் ஹம்ப்றீஸ் என்னும் இருவர் தம் பரிசோதனைகளை வெளியிட்டனர். திரையிலே பச்சை நிற 'எச்' எழுத்துக்களும் நீலநிற 'ஏ' எழுத்துக்களும் கலந்து கிடக்கும். அவற்றிடையே நீலநிற 'எச்' ஒன்றைத் தேடல் வேண்டும். நிறம் மட்டுமோ வடிவம் மட்டுமோ அதனைக் காட்டிக்கொடாது. ஆதலின் எழுத்துக்களின் தொகை பெருகப் பெருகத் தேடும் நேரமும் பெருகும். பின்னர், பச்சை எழுத்துக்களை மட்டும் ஒரு விநாடி முன்னதாகக் காட்டி, அவை அவ்வாறே நிற்க நீல எழுத்துக்களைச் சேர்த்தனர். தேடல் விரைவுற்றது. பச்சை எழுத்துக்கள் திரையில் இல்லாதனபோலவே பார்வை அவற்றைக் கடந்து சென்றது.

இந்நிகழ்ச்சியை அவர்கள் 'காட்சிக் குறியீடு' என்றனர். பழையன நிற்கும் இடங்களை உள்ளம் குறித்துக்கொண்டு, அங்கே கவனம் செல்லாவண்ணம் தடுக்கின்றது என்பது அவர்தம் விளக்கம். இதற்குச் சான்றுகள் உள. முன்காட்சி விநாடியின் பத்தில் நான்கு பங்கிலும் குறுகின், முழுப்பயன் கிட்டுவதில்லை. முன்காட்சியின்போது எண்களை வாய்விட்டுச் சொல்லும் வேலையையுங் கொடுப்பின், பயன் குன்றுகின்றது. விலக்குதற்குக் காலமும் கவனமும் செலவாகின்றன என்பது இவற்றாற் புலனாகும். மேலும், தேடுதலில் ஈடுபட்டிருப்போர்க்குப் பழைய எழுத்து நின்ற இடத்திலே தோன்றும் சிறுபுள்ளியைக் காண்டல் அரிதாகின்றது.

இக்கொள்கையை எல்லோரும் ஒப்பினாரல்லர். புதியன தோன்றுகையில் ஏற்படும் ஒளிமாற்றமே கவனத்தை இழுக்கின்றது என 2001இல் டொங்க், தேவெஸ் என்போர் வாதித்தனர். பின்னணியோடு ஒத்த ஒளியுடைய எழுத்துக்களைக் காட்டியபொழுது அப்பயன் மறைந்ததென்பது அவர்கள் காட்டிய சான்று. ஒருங்கே தோன்றியன ஒரு குழுவாகவும், பின் தோன்றியன வேறொரு குழுவாகவும் அமைதலே காரணம் என்பாரும் உளர். இக்காரணங்கள் ஒன்றையொன்று முற்றாக விலக்குவனவல்ல. ஒருங்கு நின்றும் தொழிற்படலாம்.

விலக்கப்பட்டவை முற்றாகக் கைவிடப்பட்டவையுமல்ல. பழைய எழுத்துக்கள் வடிவு மாறுமாயின், அவை மீண்டும் புதியனபோல் கவனத்துக்குப் போட்டியிடுகின்றன. நிறம் மட்டும் மாறின் அவ்வாறு நிகழ்வதில்லை. வடிவுமாற்றம் புதிய பொருளின் வரவை உணர்த்தக்கூடும். உள்ளம் அதற்கு வாயிலைத் திறந்தே வைத்துள்ளது.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. பழையவற்றின் நிறத்தையே தாங்கிப் புதியதொன்று வருமாயின், அதனைக் கண்டுபிடித்தல் தாமதமாகின்றது எனப் பிற்பட்ட ஆய்வுகள் காட்டின. இடத்தோடு நிறமும் தடைக்குட்படுதலே காரணம் என்பர். வீதியில் வாகனஞ் செலுத்துவோரும், பல கருவிகளை ஒருங்கே கண்காணிப்போரும் இதனை உளங்கொள்ளல் நன்று. கண் திறந்திருந்தது என்பதனால் கண்முன் நின்றதனைத்தையும் கண்டோம் எனத் துணிதல் பொருந்தாது. கவனித்தல் என்பது ஒன்றை ஏற்றல் மட்டுமன்று. வேறு பலவற்றை மறுத்தலுமாம்.