அவித்த மாவும் பச்சைத் தேயிலையும்

வடமராட்சியில் நெல்லியடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஆடி, ஆவணி மாதங்களில் விருந்தினர் வருகை மிகுதி. கனடாவிலும் இங்கிலாந்திலும் வளரும் பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்குத் தம் பெற்றோர் பிறந்த ஊரைப் பார்க்க வருகின்றனர். அவ்வாறு வந்த பேத்தி ஒருத்திக்கு அம்மம்மா பிட்டு அவித்து வைக்கிறார் என்று கொள்வோம். பேத்தி தட்டைத் தொடவில்லை. "எனக்குக் கோதுமை ஒத்துவராது அம்மம்மா, டொக்டர் தொடவே வேண்டாம் எண்டு சொன்னவர்" என்கிறாள். "இது அவிச்ச மா பிள்ளை, பச்சை மா இல்லை. ஒண்டும் செய்யாது, சாப்பிடு" என்கிறார் அம்மம்மா.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அம்மம்மா கூறும் உண்மை அடுக்களைக்கு உரியது; பேத்தி கூறும் உண்மை குடலுக்கு உரியது. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிவிட்டால், அன்பினாலேயே அக்குழந்தைக்குத் தீங்கு நேர்ந்துவிடும்.

கோதுமை மாவிலே கிளையடின், குளூட்டனின் என இருவகைப் புரதங்கள் உள்ளன. மாவில் நீர் வார்த்துப் பிசையும்போது இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இழுத்தால் நீளும் தன்மையுள்ள வலைபோல் ஆகின்றன. அவ்வலைக்கே குளூட்டன் என்று பெயர். இதனைக் கண்ணாற் காண விரும்புவோர், பிசைந்த கோதுமை மாவுருண்டை ஒன்றை எடுத்து, நீரிலே மெல்லமெல்லக் கசக்கிக் கழுவிப் பார்க்கலாம். மாப்பொருள் பால்போற் கரைந்து போக, இறப்பர் போன்ற சாம்பல் நிறத் துண்டொன்று கையிலே எஞ்சி நிற்கும். அரிசி மாவைக் கழுவினால் அவ்வாறு எதுவும் எஞ்சாது. போறணையிலே பாண் பொங்கி எழுவதும், உரொட்டி வீச்சுக்கு இணங்கி விரிவதும் இவ்வலையின் செயலேயாகும்.

யாழ்ப்பாணத்துப் பெண்மணிகளோ இவ்வலையை வேண்டாதவர்கள். பிட்டு உதிரவேண்டும், இடியப்பம் உரலிலிருந்து இழையிழையாக இறங்கவேண்டும். பச்சைக் கோதுமை மாவைக் கொண்டு இவற்றைச் செய்தால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் அவர்கள் மாவைத் துணியிலே கட்டி நீராவியில் அவித்து, சூடு ஆறுமுன் கட்டியுடைத்து அரிதட்டில் அரித்து எடுக்கும் முறையைக் கைக்கொண்டனர். வெப்பத்தால் அப்புரதங்கள் இறுகிவிடுகின்றன. பின்னர் நீர் வார்த்தாலும் வலை பின்னுவதில்லை. ஆய்வுகூடம் எதையும் காணாத அடுக்களையிலே பிறந்த நுட்பம் இது; பாராட்டத்தக்கதே. எனினும் வலை பின்னாமை வேறு, புரதம் இல்லாமை வேறு. குடலிலே ஒவ்வாமைக்குக் காரணமாகும் சிறு புரதக் கூறுகள் அவிப்பதாலும் சுடுவதாலும் அழிவதில்லை. வயிற்றிற் சுரக்கும் செரிமான நீர்களும் அவற்றை முற்றாகச் சிதைப்பதில்லை. பாணும், அவித்த மாப் பிட்டும் அக்குழந்தையின் குடலுக்கு ஒன்றேயாகும்.

கோதுமை யாழ்ப்பாணத்து மண்ணில் விளையும் பயிர் அன்று. அது இங்கே அன்றாட உணவானதற்கு இரண்டாம் உலகப் போர் ஒரு பெருங் காரணம். 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா பங்கீட்டில் வழங்கப்பட்டது. அதே போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஒல்லாந்து நாட்டிலே பாணுக்கும் பஞ்சம் வந்தது. நாட்டு மக்கள் பட்டினியால் வாடிய அந்நாளில், சீலியாக் என்னும் குடல்நோயால் மெலிந்திருந்த குழந்தைகளுட் சிலர் மட்டும் தேறி வருவதைக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கண்டார். போர் முடிந்து பாண் மீண்டதும் நோயும் மீண்டது. கோதுமையே காரணமாகலாம் என்ற ஐயம் அவருக்குப் போருக்கு முன்னரே இருந்தது. இப்போது அது உறுதிப்பட்டது. 1950 இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வுநூலில் அவர் இதனை நிறுவினார். ஒரே போர் ஒரு நாட்டின் அடுக்களைக்குக் கோதுமையைக் கொணர்ந்ததும், மற்றொரு நாட்டிலே கோதுமையை அகற்றி ஒரு நோயின் மூலத்தைக் காட்டியதும் வியப்புக்குரியன.

உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் இந்நோய் உண்டு என்பது இன்றைய மதிப்பீடு. குளூட்டன் உள்ளே செல்லும்போது உடலின் காப்புப் படையே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகின்றது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற முனைப்புகள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிற்றோட்டம், வயிற்றுப் பொருமல், குழந்தை வளராமை, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தச்சோகை ஆகியவை இதன் அறிகுறிகள். கோதுமை மட்டுமன்றி, பார்லியும் றை என்னும் தானியமும் இத்தகையோருக்கு ஆகா. இங்கு ஒரு முக்கியமான எச்சரிக்கையைக் கூறவேண்டும். ஐயம் தோன்றியவுடன் தாமாகவே கோதுமையை விலக்கிவிட்டு, அதன்பின் மருத்துவரிடம் செல்வோர் பலர். கோதுமை உண்டுகொண்டிருக்கும் காலத்திற் செய்யும் இரத்தப் பரிசோதனையே நோயைச் சரிவரக் காட்டும். விலக்கிய பின் செய்தால் நோய் மறைந்து நிற்கக்கூடும்.

அம்மம்மாவின் அடுக்களையிலே கோதுமை எங்கெங்கு ஒளிந்திருக்கின்றது என்பதையும் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துத் தோசையில் உளுந்தோடு கோதுமை மா சேர்ப்பது பல வீடுகளில் வழக்கம். ரவை என்பது கோதுமையே; ஆதலின் கேசரியும், நத்தாரின்போது செய்யும் லவ் கேக்கும் விலக்கப்படவேண்டியவை. கூட்டுப் பெருங்காயத் தூளிலே கோதுமை மா கலந்திருப்பதுண்டு. மோல்ற் பானங்கள் பார்லியிலிருந்து வருவன. இவை எல்லாவற்றிலும் மறைவானது அரிதட்டு! நெடுங்காலமாக அவித்த மா அரித்த அரிதட்டின் கண்களிலே அம்மா படிந்தேயிருக்கும். அதில் அரிசி மாவை அரித்தால் அரிசி மாவும் மாசுபடும். உணவு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளூட்டன் கொண்டிருந்தால்தான் குளூட்டன் அற்றது எனப் பெயரிடலாம் என்பது பன்னாட்டு விதி. அளவு எவ்வளவு சிறிது என்பதை இதனால் உணரலாம். ஆதலின் புதிய அரிதட்டு ஒன்று வாங்குவதே தகும். மா அரைக்கும் ஆலையிலும், தமக்கு முன் என்ன தானியம் அரைபட்டது என்று கேட்டறிதல் நலம். வீட்டிலேயே ஊறவைத்து இடித்தால் இன்னும் நலம்.

இனி, அப்பேத்திக்கு எதைச் செய்து கொடுப்பது? அரிசி மாப் பிட்டு, குரக்கன் பிட்டு, ஒடியற் பிட்டு ஆகியன உள. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்பது பிரவுனியாக இருக்கும். அதிலும் பச்சைத் தேயிலைத் தூள் கலந்ததாக இருக்கும். பிரவுனி என்பது அமெரிக்கச் சமையல் நூல்களில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடம்பிடித்த, கேக்குக்கும் இனிப்புக் கட்டிக்கும் இடைப்பட்ட பண்டம். மண்ணிறமானது என்பதே பெயரின் பொருள். பச்சை நிறத்தில் அதனைச் செய்துவிட்டு அப்பெயரையே வழங்குவது சற்று நகைப்புக்குரியதுதான். எனினும், கோதுமையின்றிச் செய்யப் பழகுவோருக்கு இதனினும் ஏற்ற பண்டம் இல்லை. பாண் பொங்கவேண்டும், அதற்கு வலை வேண்டும். பிரவுனியோ பொங்கத் தேவையில்லை. அடர்ந்தும் ஈரமாகவும் இருப்பதே அதற்கு அழகு. வெந்து இறுகும் முட்டையே அதனைக் கட்டி நிறுத்திவிடும்.

எந்த மாவைக் கொள்வது என்பது அடுத்த கேள்வி. ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, வடித்துக் கைப்பை நீக்கியே பயன்படுத்துதல் மரபு. கேக்குக்கு அது பொருந்தாது. குரக்கன் மிகச் சிறந்தது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உடையது. ஆனால் அதன் நிறம் பச்சையை விழுங்கிவிடும். குரக்கனுக்கு இணை கொக்கோத் தூளே. பச்சைத் தேயிலைக்கு ஏற்றது நயமாக இடித்து அரித்த வெள்ளைப் பச்சையரிசி மா, பிட்டுக்குப்போல் வறுக்கவேண்டியதில்லை. அரிசி மா மட்டும் சேர்த்தால் பண்டம் மணல்போல் நறநறக்கும். ஆகவே பொடித்த மரமுந்திரிகைப் பருப்பைக் கலத்தல் வேண்டும். அது கொழுப்பும் புரதமும் தந்து மென்மையாக்கும்.

தேயிலையைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டும். இலங்கையிலே 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டு மலையகத் தமிழ்த் தொழிலாளரின் கைகள் கொய்துவரும் கொழுந்தின் பெரும்பகுதி கறுப்புத் தேயிலையாகவே பதனிடப்படுகின்றது. பச்சைத் தேயிலையும் ஓரளவு உண்டாகின்றது. அதனை வாங்கி வீட்டு இயந்திரத்தில் அரைத்தால் போதாதா என்று சிக்கனம் கருதுவோர் வினவலாம். போதாது. பிரவுனிக்குக் கொள்ளப்படும் மாச்சா என்னும் யப்பானியத் தூள் வேறு வகையில் ஆக்கப்படுகின்றது. கொய்வதற்கு முன் சில வாரங்கள் செடிகளுக்கு நிழற்பந்தர் இடுகின்றனர். நிழலிலே இலையின் பசுமை மிகும். கைப்பு குறைந்து ஒருவித இனிமை ஏறும். கொய்த இலையை நீராவியில் வாட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் களைந்து, கல்லிலே மெல்ல அரைக்கின்றனர். வெயிலில் வளர்ந்த இலையைப் பொடித்தாலோ நாவிலே திப்பி தட்டும், கைப்பும் மிகும். மாச்சாவின் விலை அதிகமே. ஆனால் வேண்டுவது 10 கிராம்தான். ஒளியும் வெப்பமும் அதன் நிறத்தைக் கெடுக்கும். ஆதலின் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும்.

செய்முறை எளிது. 100 கிராம் பட்டரை உருக்கி ஆறவிடுக. மூன்று முட்டையையும் 110 கிராம் சீனியையும் நிறம் வெளிறும்வரை அடித்து, பட்டரை அதில் வார்த்துக் கலக்குக. 90 கிராம் அரிசி மா, 60 கிராம் மரமுந்திரிகைப் பொடி, 10 கிராம் மாச்சா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைப் புதிய அரிதட்டிலே அரித்து, கட்டியில்லாமற் சேர்க்குக. மாச்சா ஈரத்தில் எளிதாகக் கட்டிபட்டுவிடும். இருமுறை அரித்தல் நன்று. பின்பு கலவையை அரைமணி நேரம் மூடி வைத்தல் வேண்டும். இப்படியைப் பலர் தவிர்த்துவிட்டுப் பின்னர் அரிசி மாவைக் குறை கூறுகின்றனர். அந்த அரைமணி நேரத்திலேதான் அரிசி மா ஈரத்தை உட்கொண்டு நறநறப்பை இழக்கின்றது. பட்டர்த்தாள் விரித்த, ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர்ச் சதுரத் தட்டில் ஊற்றி, முன்னரே சூடாக்கிய மின்போறணையில் 170 பாகை செல்சியசில் 20 நிமிடம் வேகவிடுக. ஓரம் இறுகி நடு சற்றே நெகிழ்ந்திருக்கும்போது எடுத்துவிட வேண்டும். மேலும் வைத்தால் பச்சை பழுப்பாகும்.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி சேர்க்கலாமா என்றால், சுவைக்கு அது மிக நன்று; நிறத்துக்கு ஆகாது. உடல்நலத்துக்கு அதனாற் பெரிய மாற்றம் வருமென எண்ணுதல் தவறு. நீரிழிவு நோயாளிக்குப் பனங்கட்டியும் இனிப்பே. கோதுமையை நீக்கியதாலேயே ஒரு பண்டம் நலந்தருவதாகிவிடும் என்ற எண்ணமும் இக்காலத்திற் பரவிவருகின்றது. சீலியாக் நோய் உடையவர்க்கு அது உயிர்நிலையான வேறுபாடு. பிறர்க்கோ வெள்ளையரிசி மாவிற் செய்த இனிப்பு கோதுமை மாவிற் செய்த இனிப்பினும் மேலானதன்று. இச்செய்முறையில் நலம் என்று சொல்லத்தக்கது, கடைப் பண்டத்தினும் சீனி குறைவாக இருப்பதும், மாவின் ஒரு பகுதிக்குப் பருப்பு ஈடாக நிற்பதும், துண்டின் சிறுமையுமே. இத்தட்டை 16 துண்டாக வெட்டினால், ஒரு துண்டிலே ஒரு கோப்பைத் தேநீரில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியளவு கஃபீன் இருக்கும். ஆதலின் சிறுவர்க்கு இரவிலே கொடுத்தல் தகாது. மேலும், தேயிலையில் உள்ள சில பொருள்கள் உணவின் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். அப்பேத்தியைப் போன்றோர்க்கு இரத்தச்சோகை இருத்தல் இயல்பு. ஆகவே மதிய உணவோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்த்துக் கொடாமல், மாலை நான்கு மணிக்குத் தனியே ஒரு துண்டு கொடுப்பதே முறை.

சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும். கோதுமையின் வலை இல்லாத குறை அப்போதுதான் வெளிப்படும். ஒருமணி நேரம் தட்டிலேயே ஆறவிட்டு, நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டுதல் வேண்டும். அரிசி மாப் பண்டம் விரைவில் வரண்டு போகும். மூடிய பேணியில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். பேணியையும் முன்பு பிஸ்கற் இருந்ததாயின் நன்கு கழுவிக் காயவைத்தே எடுக்கவேண்டும்.