ஆண்ட்ரோமெடாவின் இருபது கோடி விண்மீன்கள்

நமது பால்வெளிக்கு மிக அருகில் உள்ள பெரிய சுருள் விண்மீன் திரள் ஆண்ட்ரோமெடா. தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகள். இருண்ட வானில் வெறும் கண்ணுக்கே மங்கலான திட்டாகத் தெரியும். அது பால்வெளிக்குள் அடங்கிய வாயு மேகம் அல்ல, தனியொரு திரள் என்பதை நிலைநாட்டியவர் எட்வின் ஹபிள். 1923இல் அவர் அங்கே கண்டறிந்த, ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீன்தான் தொலைவை அளக்க உதவியது.

அவர் பெயரைத் தாங்கிய விண்வெளித் தொலைநோக்கி 1990 முதல் பூமியைச் சுற்றிவருகிறது. காற்றுமண்டலத்துக்கு மேலே இருப்பதால் விண்மீன்கள் கலங்காமல் தெரிகின்றன. தரைக்கு வந்துசேராத புற ஊதாக் கதிர்களும் அதற்குக் கிடைக்கின்றன. ஆனால் ஆண்ட்ரோமெடாவின் அருகாமையே ஒரு சிக்கல். வானில் அதன் நீளம் முழு நிலவைப் போல் ஆறு மடங்கு. தொலைநோக்கி ஒரு முறைக்குக் காண்பதோ சிறு துண்டு. ஆகவே பத்தாண்டுகளுக்கு மேல் பாடுபட்டு, 600க்கும் அதிகமான காட்சிகளை ஒட்டி 2025 ஜனவரியில் முழுப்படம் வெளியிடப்பட்டது. 250 கோடி படப்புள்ளிகள் கொண்ட அதில் சுமார் 20 கோடி விண்மீன்கள் தனித்தனியே தெரிகின்றன. வியப்பு என்னவென்றால், இவை சூரியனைவிடப் பிரகாசமானவை மட்டுமே. மங்கலான மற்றவை கண்ணில் படுவதில்லை.

சுருள் கைகளில் இளம் நீல விண்மீன்கள், நடுவே முதிய மஞ்சள் விண்மீன்கள். இடையிடையே தூசிப் பட்டைகள். அகச்சிவப்புக் கதிர்கள் அவற்றையும் ஓரளவு ஊடுருவிவிடும். பால்வெளிக்கு உள்ளேயே வாழும் நம்மால் அதை இப்படி முழுதாகப் பார்க்க முடியாது.